மழைக்குப் பிறகு நீச்சல் குளம் பச்சை: தண்ணீரை இறக்கலாமா?

வாணி, ரிசர்வாயர் ஹில்ஸ்:
டர்பனில் நாங்கள் வாங்கிய வீட்டோடு மார்பலைட் என்ற சிமென்ட் கலவை பூசிய குளமும் வந்தது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை. போன வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பின் ஒரே பாசி. இரண்டாவது படியே தெரியவில்லை. பார்க்க வந்தவர் "முழுசா எறக்கிட்டு ஆசிட் போட்டுக் கழுவணும்" என்கிறார். தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். இறக்கலாமா? உப்புக் குளமாக மாற்றச் சொல்கிறாள் தங்கை.

குமரேசன், சாட்ஸ்வர்த்:
வாணிம்மா, தயவுசெய்து இறக்காதீர்கள். மழையில் ஊறிய மண்ணில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும். உள்ளே இருக்கும் 48,000 லிட்டரின் கனம்தான் தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறது. அது போனால் அடியிலிருந்து வரும் அழுத்தத்தில் தரை வெடிக்கலாம். ஃபைபர்கிளாஸ் தொட்டி முழுசாகவே மிதந்து மேலே வந்துவிடும். ஆசிட் கழுவலோ ஒவ்வொரு தடவையும் மார்பலைட்டில் ஒரு படலத்தைத் தின்னும். சொரசொரத்த பூச்சில் பாசி இன்னும் சீக்கிரம் பிடிக்கும். இந்தத் தொழிலிலேயே இருக்கிறேன், வெறும் பச்சைக்காக யாரையும் குளத்தை இறக்கச் சொன்னதில்லை.

முதலில் இலைகளை வாரிவிட்டு pH (தண்ணீரின் அமில-கார அளவு) பாருங்கள். 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இருக்கட்டும். 8ஐத் தாண்டினால் குளோரினின் வீரியம் கால்வாசிகூட இருக்காது, எவ்வளவு கொட்டினாலும் வீண். பிறகு சுவரையும் படிகளையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பொழுது சாய்ந்ததும் 65 சதவீதக் குளோரின் குருணையில் முக்கால் கிலோ எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றி, பம்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பகலில் போட்டால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். விடியும்போது குளோரின் மிச்சமில்லை என்றால் மறுநாள் மாலையும் அதையே செய்யுங்கள். பச்சை போய்ச் சாம்பல் கலங்கலானால் பாசி செத்துவிட்டது. அப்போது கலங்கலைத் திரட்டிப் படியவைக்கும் ஃப்ளாக் மருந்து போட்டு, பம்பை நிறுத்தி, வண்டலை அடியில் படியவிடுங்கள். அதை உறிஞ்ச, தானாக ஓடிக் குளத்தைச் சுத்தம் செய்யும் கிரீப்பியை விடாதீர்கள். 1974இல் நம் ஸ்பிரிங்ஸ் நகரில் ஃபெர்டினாண்ட் சோவியர் கண்டுபிடித்த அருமையான கருவிதான், ஆனால் இவ்வளவு வண்டலையும் மணல் ஃபில்டருக்கே அனுப்பிவிடும். வால்வை 'வேஸ்ட்' பக்கம் திருப்பி, உறிஞ்சு குழாயைக் கையாலேயே நகர்த்தி வண்டலை வெளியேற்றுங்கள்.

pH-ஐ இறக்கப் போடும் ஆசிடும் குளோரினும் ஒரே வாளியில் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

இன்னொன்று. அடித்தரை கண்ணுக்குத் தெரியும்வரை ஒரு பிள்ளையையும் இறக்காதீர்கள். கலங்கலில் மூழ்கின பிள்ளை பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. தீபாவளிக்கு முன் குளத்தின் மேல் பாதுகாப்பு வலை போட்டுவிடுங்கள்.

மல்லிகா, ஃபீனிக்ஸ்:
எங்களுடையது உப்புக் குளம், வாணி அக்கா. அதில் இருக்கும் கருவியும் மின்சாரத்தால் உப்பிலிருந்து குளோரின்தான் எடுக்கிறது. 2023இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு மோசமாக இருந்தபோது பம்ப் நின்றால் குளோரினும் நின்றது. pH வேறு ஏறிக்கொண்டே இருக்கும், ஆசிட் வாங்குவது குறையவில்லை. தண்ணீர் தோலுக்கு மென்மையாக இருக்கும், அது உண்மை. பாசிக்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

வாணி, ரிசர்வாயர் ஹில்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணா, மல்லிகா. இறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். pH 8.2 காட்டுகிறது.

குமரேசன், சாட்ஸ்வர்த்:
அப்போ முதலில் பூல் ஆசிட். புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதியை மட்டும் எடுங்கள். வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் ஆசிடை மெதுவாக விடுங்கள். ஆசிடின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. பம்ப் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். 7.6க்குக் கீழே வந்த அன்று மாலையே குளோரின்.