2021 பிளஸ் டூ மதிப்பெண்: பத்தாம் வகுப்புக்குப் பாதி கொடுத்தது நியாயமா?

வடசென்னை வாத்தியார்:
2021-ல் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தது சரி. அதில் எனக்கு வாதமே இல்லை. மே 3-ல் தொடங்க வேண்டிய தேர்வு. அந்த மே மாதத்தில் சென்னையில் மட்டும் ஒரே நாளில் ஏழாயிரம் பேருக்கு மேல் கொரோனா தொற்று. ஜூன் 5-ல் ரத்து என்று அறிவித்தார்கள். என் சண்டை அதற்குப் பிறகு வந்த 50:20:30 கணக்கோடு. பத்தாம் வகுப்பில் அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50, பதினொன்றில் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30.

செய்முறையில் எல்லாப் பள்ளியிலும் அநேகமாக முழு மதிப்பெண்தான் போடுவோம். அப்புறம் பிள்ளைகளைத் தரம் பிரித்தது எது? 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வு. ஒரு பையன் அதில் 70 விழுக்காடு என்று வையுங்கள். அங்கே 35. பதினொன்றில் இயற்பியலில் பாதி, அதில் 10. செய்முறை முழுசா 30. மொத்தம் 75. பன்னிரண்டில் அவன் ராத்திரி பகலாகப் படித்ததற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. நான் வேலை பார்ப்பது மாநகராட்சிப் பள்ளியில். எங்கள் பிள்ளைகள் பத்தில் தட்டுத்தடுமாறித்தான் வருவார்கள். பிளஸ் டூவில், அதுவும் அரையாண்டுக்குப் பிறகுதான், நிமிர்ந்து நிற்பார்கள்.

மடிப்பாக்கம் டீச்சர்:
வணக்கம் சார். நானும் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதை விட்டால் வேறு எதை எடுப்பது? அந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததே ஜனவரி 19-க்குப் பிறகுதான். காலாண்டு இல்லை, அரையாண்டு இல்லை. ஆன்லைன் பரீட்சை என்றால் வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பள்ளிகளையே மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் சில தனியார் பள்ளிகள் வாரி வழங்கியிருக்கும். உங்கள் பிள்ளைகள்தான் முதலில் அடிபட்டிருப்பார்கள். பத்தாம் வகுப்புத் தாளை முன்பின் தெரியாத ஆசிரியர் திருத்தினார். கையில் இருந்த கணக்குகளில் கறைபடாதது அது ஒன்றுதான்.

அயனாவரம் 2021 பேட்ச்:
நான் அந்த பேட்ச். மே மாதம் அப்பா ஆஸ்பத்திரியில். அண்ணன் கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்து வாங்க கீழ்ப்பாக்கத்தில் வரிசையில் நின்றான். புத்தகத்தைத் திறக்கும் மனநிலையே எனக்கு இல்லை. ‘தள்ளி வைத்து நடத்தியிருக்கலாம்’ என்று இங்கே யாராவது எழுதினால் அந்த வீடுகளை நினைத்துவிட்டு எழுதுங்கள். ஆனால் வாத்தியார் சார் சொல்வதில் உண்மை இருக்கிறது. மதிப்பெண் போதாது என்றால் ஆகஸ்டில் தனித்தேர்வர்களோடு உட்கார்ந்து எழுதலாம் என்றார்கள். எழுதினால் அதில் வாங்குவதே இறுதி, பழையது போய்விடும். கடைசித் தாள் ஆகஸ்ட் 19. பொறியியலுக்கு விண்ணப்பம் ஜூலை 26-லேயே ஆரம்பித்துவிட்டது. இருப்பதையும் இழந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை.

கவுன்சிலிங் வழிகாட்டி, கிண்டி:
கலந்தாய்வு பக்கத்திலிருந்து ஒரு விஷயம். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அந்த வருஷம் மதிப்பெண்கள் தசமத்தோடு வந்தன. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணால் தரவரிசையில் எத்தனையோ பேர் முன்னே பின்னே போனார்கள். ஒருவனுடைய சிறந்த மூன்று பாடங்களில் சமூக அறிவியலும் தமிழும் இருந்திருந்தால், அவனுடைய கணித, இயற்பியல் மதிப்பெண்ணில் பாதியை அவைதான் போட்டுக் கொடுத்தன. பாஸ் போடுவதற்கு இது போதும். இயந்திரவியல் சீட்டு யாருக்கு என்று தீர்மானிக்க இது எப்படிப் பொருந்தும்?

வடசென்னை வாத்தியார்:
டீச்சர் அம்மா, கறைபடாதது என்றீர்கள். அந்தப் பிள்ளைகளின் பதினொன்றாம் வகுப்புத் தேர்வை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 26-ல் நடக்க வேண்டிய வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் தாள்கள் ஊரடங்கில் நின்றுபோயின. பிறகு ரத்து. காலாண்டு, அரையாண்டுக்கு 80, வருகைப்பதிவுக்கு 20 என்று மதிப்பெண் போட்டார்கள். பள்ளிக்குள் திருத்திய தாள்! அந்த வேதியியல்தான் அடுத்த வருஷம் 20 விழுக்காட்டுக்குள் போய், அங்கிருந்து கட்-ஆஃபுக்கும் போனது.

மடிப்பாக்கம் டீச்சர்:
ஒரு தாள் அப்படி ஆனது உண்மைதான். அதற்காக மொத்தக் கணக்கையும் தூக்கிப் போட முடியாது சார். மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2020-ல் ஒவ்வொரு பள்ளியும் முந்தைய வருஷங்களில் வாங்கியதை வைத்துக் கணினியில் கணக்குப் போட்டார்கள். ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் 40 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவானவை கீழே இறங்கின. சாதாரணப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தன் பள்ளியின் பழைய ரிசல்ட்டுக்காகத் தண்டிக்கப்பட்டது. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13-ல் வந்த முடிவை 17-ஆம் தேதியே கைவிட்டார்கள். சிபிஎஸ்இ-யிலும் பள்ளியின் முந்தைய மூன்று வருஷ ரிசல்ட்டில் சிறந்ததை அளவுகோலாக வைத்துத்தான் மதிப்பெண்ணைக் கட்டுப்படுத்தினார்கள். நம் கணக்கில் வியாசர்பாடிப் பிள்ளையும் அண்ணாநகர்ப் பிள்ளையும் அவரவர் எழுதிய தாளுக்கே வாங்கினார்கள். பள்ளியின் பெயர் உள்ளே வரவில்லை. எனக்கு இது பெரிய விஷயம்.

பத்தாவது 2021 செட்:
எங்களைப் பற்றியும் பேசுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எங்களுக்கு எண்ணே இல்லை, ‘தேர்ச்சி’ மட்டும். போன மாதம் ஒரு கம்பெனியின் ஆன்லைன் படிவத்தில் பத்தாம் வகுப்பு விழுக்காட்டைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. 35 என்று போட்டால் அது பொய். வேறு எதைப் போட்டாலும் பொய். மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அதற்கப்புறம் நாங்கள் எங்கே போய் நிற்போம் என்பதையும் சொல்ல வேண்டும்.

வடசென்னை வாத்தியார்:
தம்பி, நான் எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய எண்ணை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பூட்டாதீர்கள் என்கிறேன். டீச்சர் அம்மா, பள்ளியின் பெயர் உள்ளே வரவில்லை என்றீர்கள். வந்தது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடத்துக்கும் டியூஷன் வைத்துப் படித்த பிள்ளையும், அம்மாவோடு வீட்டுவேலைக்குப் போய்வந்து எழுதிய பிள்ளையும் ஒரே தாளை எழுதினார்கள் என்பதற்காக இரண்டும் சமம் ஆகிவிடாது. அந்த இடைவெளியைக் குறைக்க அவளுக்கு இருந்த இரண்டு வருஷத்தைத்தான் இந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது.

இன்னொரு முறை இப்படி வந்தால் என் கோரிக்கை இவ்வளவுதான். எல்லோருக்கும் பாஸ் போட்டு, இதே கணக்கில் ஒரு மதிப்பெண்ணும் கொடுங்கள். தொற்று இறங்கியதும் விருப்பம் உள்ளவர்களுக்குத் தேர்வு வையுங்கள். இரண்டில் எது அதிகமோ அதை எடுங்கள். அந்த ரிசல்ட் வரும்வரை தரவரிசைப் பட்டியலை வெளியிடாதீர்கள்.

மடிப்பாக்கம் டீச்சர்:
இரண்டில் அதிகமானதை எடுப்பதற்கு நானும் கைதூக்குகிறேன். அயனாவரம் பெண் பயந்ததுபோல் ஒரு பிள்ளையும் பயப்படக் கூடாது. ஆனால் பத்தாம் வகுப்புக்கு 50 என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் சார். அதை 30 ஆக்கினால் மீதி 20-ஐ எங்கிருந்து எடுப்பீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

வடசென்னை வாத்தியார்:
பதினொன்றாம் வகுப்பிலிருந்து. அங்கே 20-ஐ 40 ஆக்குங்கள். எந்தப் பாடத்துக்குச் சீட்டு கேட்கிறானோ அந்தப் பாடத்தையே எழுதியிருக்கிறான், வயதும் ஒன்று கூடியிருக்கிறது. நடக்காமல் போன வேதியியல் மாதிரித் தாள்களுக்கு மட்டும் பத்தாம் வகுப்பு அறிவியலைப் பார்க்கட்டும்.