நைஜீரியாவின் அனம்ப்ரா மாநிலத்துக்கு ஏன் தனியா நவம்பர்ல தேர்தல்? பீட்டர் ஓபி பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எம்சி ரோடு ஜவுளி:
வண்ணாரப்பேட்டையிலிருந்து அனம்ப்ராவில் இருக்கிற ஒனிட்சா நகரத்துக்கு ஜார்ஜ் துணி அனுப்புறோம். அங்கே வாங்குறவங்க வாயைத் திறந்தா ஓபி புராணம்தான். வியாபாரி கவர்னர் ஆனாரு, சரி. ரெண்டு தடவை இறக்கிவிட்டும் எப்படித் திரும்ப வந்தாரு? பெரும்பாலான மாநிலங்களுக்கு 2023 மார்ச்சில் தேர்தல் முடிஞ்சும் அனம்ப்ராவுக்கு 2025 நவம்பர்ல நடந்தது ஏன்?

தண்டையார்பேட்டை வக்கீல்:
அண்ணே, அங்கே கவர்னர்னா கிண்டியில் இருக்கிறவர் மாதிரி நியமனப் பதவி இல்லை. மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கிற மாநிலத் தலைவர். சுயேச்சையா நிக்க முடியாது, கட்சி நிறுத்தணும். அதிக ஓட்டு வாங்கினா மட்டும் போதாது. மூணில் ரெண்டு பங்கு உள்ளாட்சிப் பகுதிகள்ல தலா கால்வாசி ஓட்டாவது வேணும். அனம்ப்ராவில் 21 பகுதி, அதாவது 14-ல்.

ஓபி ஒனிட்சாவில் பிறந்தவர். நெக்ஸ்ட் இன்டர்நேஷனல்னு இறக்குமதி வியாபாரம், ஃபிடிலிட்டி வங்கியில் தலைவர் பதவி. 2003-ல் அப்கா கட்சியில் நின்னாரு. பிடிபி கட்சியின் கிறிஸ் நிகே ஜெயிச்சதா அறிவிச்சாங்க. வழக்கு கிட்டத்தட்ட மூணு வருஷம் ஓடுச்சு. 2006 மார்ச் 15-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓபிதான் ஜெயிச்சவர்னு சொல்ல, 17-ம் தேதி பதவியேற்பு.

அதே வருஷம் நவம்பர்ல சட்டசபை அவரை நீக்கிடுச்சு. துணை கவர்னர் வர்ஜீனியா எட்டியாபா அந்த நாற்காலிக்கு வந்தார். நைஜீரியாவின் முதல் பெண் கவர்னர் அவர்தான். நீக்கணும்னா மூணில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து, விசாரணைக்கு மூணில் ரெண்டு பங்கு ஆதரவு, தலைமை நீதிபதி அமைக்கிற 7 பேர் குழு, கடைசியில் மறுபடி மூணில் ரெண்டு பங்கு, எல்லாம் வரிசையா நடக்கணும். ஒழுங்கா நடக்கலைன்னு 2007 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்கார வெச்சது.

உங்க நவம்பர் கேள்விக்குப் பதில் அடுத்ததுல இருக்கு. 2007 தேர்தல்ல ஜெயிச்சதா அறிவிக்கப்பட்ட ஆண்டி உபா மே 29-ல் கவர்னரா பதவியேற்றார். ஓபி உச்ச நீதிமன்றம் போனார்: கவர்னர் பதவிக்காலம் 4 வருஷம்ங்கிறது பதவிப் பிரமாணம் எடுத்த நாளிலிருந்துதானே, எனக்கு 2010 மார்ச் வரை இருக்குன்னு. ஜூன் 14-ல் அவருக்குச் சாதகமா தீர்ப்பு. உபா மூணு வாரம்கூட முடிக்கலை. அதிலிருந்து அனம்ப்ரா கணக்கு மார்ச் 17-லிருந்துதான் ஓடுது, அதனாலதான் அதுக்குச் சில மாசம் முன்னாடி நவம்பர்ல தேர்தல். 2010-ல் திரும்ப ஜெயிச்சு 2014 மார்ச் வரை இருந்தார்.

ராயபுரம் ரவுண்டானா:
2010-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைச்சிட்டாங்களே, அப்புறமும் ஏன் மாறலை?

தண்டையார்பேட்டை வக்கீல்:
அந்தத் திருத்தம் வேற ஆளுங்களுக்கு, ப்ரோ. தேர்தல் செல்லாதுன்னு தீர்ப்பாகி, மறுதேர்தல்ல அதே ஆள் ஜெயிச்சா முன்னாடி இருந்த காலத்தையும் கழிக்கணும்கிறதுதான் அது. ஓபிக்கு நடந்தது மறுதேர்தல் இல்லை. வழக்கு இழுக்கிறதுக்கும் இப்ப கெடு இருக்கு: 21 நாளில் மனு, 180 நாளில் தீர்ப்பாயத் தீர்ப்பு, அப்பீலுக்கு 60 நாள். நாள் தவறினா வழக்கு காலி, எவ்வளவு ஆதாரம் இருந்தாலும்.

காசிமேடு கணக்கர்:
வியாபாரிங்க மாட்டிக்கிற இன்னொரு இடம்: கவர்னர் மாதிரி முழுநேர அரசுப் பதவியில் இருக்கிறவர் தனியார் தொழிலை நிர்வகிக்கக் கூடாது, விவசாயம் மட்டும் விலக்கு. வெளிநாட்டு வங்கிக் கணக்கும் கூடாது. 2021-ல் வெளிநாட்டு ரகசியச் சொத்துகள் பத்திக் கசிஞ்ச பண்டோரா ஆவணங்கள்ல ஓபி பேரு அடிபட்டது இந்த மாதிரி விவகாரத்தில்தான். 2023 ஜனாதிபதித் தேர்தல்ல லேபர் கட்சியில் நின்னு மூணாவதா வந்தாலும் லாகோஸ் மாநிலத்தில் முதலிடம்.

ஜவுளி சார், அங்கே தேர்தல் சனிக்கிழமைதான். அன்னைக்கு வண்டி ஓட்டத்துக்குத் தடை இருக்கும். அந்த வாரக் கடைசியில் ஒனிட்சாவில் சரக்கு இறங்குற மாதிரி லாரியைப் பேசாதீங்க.