புதுப்பிப்பு: பாங்காக் ஆற்றங்கரைக் கோயில்கள், டாக்சி இல்லாமல்

வாட் போ, வாட் அருண் கோயில்கள் இரண்டுக்கும் டாக்சி பிடிக்காமல் அம்மாவோடு போக முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

பிடிஎஸ் என்னும் மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. சுற்றுலாப் படகுக்கு ஆள் பிடிப்பவர்களைத் தாண்டி, ஆரஞ்சுக் கொடி கட்டிய வழக்கமான பயணிகள் படகில் ஏறினோம். துறையில் அது நிற்பதே கொஞ்ச நேரம்தான். பின்பக்கம் கயிறும் விசிலுமாக ஒருவர் நிற்கிறார். அவர் ஊதுவதற்குள் காலை வைத்துவிட வேண்டும். முதியவர்கள் என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இறங்கிய தா தியென் துறையிலிருந்து சில நிமிட நடையில் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தர்! அப்புறம் அக்கரைப் படகில் வாட் அருண்.

படகு பயம் என்றால், 2019இல் திறந்த சனாம் சாய் மெட்ரோ நிலையம் வாட் போவுக்குப் பக்கம்தான். கோயிலுக்குப் போகும்போது அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம்.