குழந்தை ஞானஸ்நானம் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்ததா?

காரைக்குடிக்காரன்:
அடுத்த மாதம் மகளுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) என்று அப்பத்தா நாள் குறித்துவிட்டார். தாய்மாமன்தான் ஞானத்தகப்பனாம். ஆனால் அந்தத் தாய்மாமன், அதாவது என் தேவகோட்டை மச்சான், இப்போது பெந்தெகொஸ்தே சபை. "விவரம் தெரியாத பிள்ளைக்கு எதற்கு? இது ரோமாபுரி கான்ஸ்டன்டைன் ராஜா புகுத்தியது" என்கிறார். உண்மையா? சண்டை வேண்டாம், விவரம் போதும்.

சருகணிப் பக்கம்:
இல்லை. அவருக்கு நூறு வருடம் முன்னாலேயே, கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: குழந்தைகளுக்கு அவசரப்படாதீர்கள், கிறிஸ்துவை அறிந்தபின் வரட்டும் என்று. நடக்காத ஒன்றை யார் வேண்டாம் என்பார்கள்? 253 வாக்கில் அதே ஊர் ஆயர் சிப்பிரியானும் 66 ஆயர்களும் கூடிப் பேசியது இன்னும் சுவாரஸ்யம். யூதர்களின் விருத்தசேதனம் மாதிரி எட்டாம் நாள் வரை பொறுக்கணுமா என்று ஃபீதுஸ் என்ற ஆயர் கேட்கிறார், தேவையில்லை என்று பதில் போகிறது. ஆக, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பது அங்கே கேள்வியே இல்லை, என்றைக்குக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. கான்ஸ்டன்டைனே 337-ல் சாகக் கிடக்கும்போதுதான் ஞானஸ்நானம் வாங்கினார், மச்சானிடம் சொல்லுங்கள்!

கண்டனூர் தம்பி:
நான் மச்சான் கட்சி. ராஜா கதை தப்பு, சரி. ஆனால் புதிய ஏற்பாட்டில் ஒரு கைக்குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாகக் காட்டுங்கள். லீதியாள் வீட்டார், சிறைக்காவலன் வீட்டார் பெற்றார்கள் என்றுதான் இருக்கிறது, அந்த வீடுகளில் தொட்டில் ஆடியதா என்று யார் கண்டது? திதகே என்ற ஆதித் திருச்சபை நூலோ ஞானஸ்நானம் பெறுபவர் ஒன்றிரண்டு நாள் உபவாசம் இருக்கணும் என்கிறது. பால்குடிப் பிள்ளையா உபவாசம் இருக்கும்?

செக்காலை டீச்சர்:
தம்பி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் பக்தியான வீடுகளே தள்ளிப்போட்டன. பக்தியான மோனிக்கா அம்மாளின் மகன், பிற்பாடு ஆயரும் புனிதருமான அகுஸ்தீன், 387-ல், முப்பது தாண்டித்தான் பெற்றார். நசியான்சு கிரகோரியார் ஆயரின் பிள்ளை, அவருக்கும் பெரியவரான பிறகுதான். ஆபத்து இல்லையென்றால் மூன்று வயது வரை பொறுக்கலாம் என்று அவரே பிரசங்கித்தார். ஞானஸ்நானத்துக்குப் பின் பெரிய பாவம் செய்தால் மீள்வது கடினம் என்ற பயம்தான் தள்ளிப்போட வைத்தது. குழந்தை சாகக் கிடந்தால் மட்டும் உடனே கொடுத்துவிடுவார்கள். ஆதாமிடமிருந்து பிறப்போடு வருகிற பிறவிப் பாவம் பற்றி அகுஸ்தீன் வாதாடி, 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கமும் அதை உறுதிசெய்த பிறகுதான் பிறந்ததும் கொடுப்பது மெல்ல மெல்லப் பொது வழக்கமானது.

அப்புறம் ஒன்று, ஞானத்தகப்பன் கத்தோலிக்கராக, உறுதிப்பூசுதல் என்ற அருட்சாதனம் பெற்றவராக இருக்கணும். தாய்மாமன் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் பக்கத்தில் சாட்சியாக நிற்கலாம், திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. பங்குத்தந்தையிடம் இப்போதே பேசிவிடுங்கள். அப்பத்தாவிடம் யார் சொல்வது என்பது உங்கள் பாடு.