கடலே தெரியாத ஊரில் வீடு, புயலுக்கு ஏன் இவ்வளவு பிரீமியம்?

வெஸ்லிசேப்பல்_புதியவன் கேட்டது:

சிகாகோவிலிருந்து ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வெஸ்லி சேப்பலில் ஒரு வீடு பிடித்துப்போனது. 2004-ல் கட்டியது, விலை 4,10,000 டாலர். கிளியர்வாட்டர் பீச்சுக்குப் போக ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அப்படியும் வீட்டு இன்சூரன்ஸுக்கு ஒரு ஏஜென்ட் வருடத்துக்கு 5,300 டாலர் என்றார். இன்னொருவர் கூரை பழசு என்று விலையே சொல்லவில்லை. சிகாகோவில் இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கட்டியதில்லை. கடலோரத்தில் மாளிகை கட்டியவனுக்காக நான் எதற்குத் தண்டம் அழ வேண்டும்?

பழைய_டாம்பாக்காரன்:

தம்பி, நீங்கள் வீட்டுக்காக அழுகிறீர்கள். நான் காருக்கே அழுதவன்.

2007-ல் டெம்பிள் டெரஸில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தேன். சொத்து என்று சொல்ல ஒரு பழைய கொரோலாதான், அதிலும் பின்பக்கக் கண்ணாடி பாதிதான் இறங்கும். அந்தக் கார் இன்சூரன்ஸ் பில்லின் அடியில் திடீரென்று ஒரு புது வரி: ‘சிட்டிசன்ஸ் அசெஸ்மென்ட்’. தொகை சில டாலர்தான். ஆனாலும் விடவில்லை, ஏஜென்டுக்குப் போன் போட்டேன். “அது புயல் நஷ்டத்துக்கு” என்றார். என் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லையே என்றேன். “எல்லாருக்கும்தான் சார் போட்டிருக்கிறார்கள்” என்று வைத்துவிட்டார்.

கதை 1992-ல் ஆரம்பிக்கிறது. ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட்டைத் துடைத்துப் போட்டதும் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் மூடின. மிச்சமிருந்தவை கடலோரம் என்றாலே பின்வாங்கின. வேறு வழியில்லாமல் மாநில அரசே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அப்படி இருந்த இரண்டு அமைப்புகளை 2002-ல் சேர்த்து உண்டாக்கியதுதான் சிட்டிசன்ஸ், யாரும் இன்சூர் செய்யாத வீட்டை எடுத்துக்கொள்ளும் கடைசிப் புகலிடம். 2004-ல் சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் என்று நான்கு புயல், மறுவருடம் வில்மா. சிட்டிசன்ஸ் கஜானா காலி. அப்படிக் காலியானால் தன் வாடிக்கையாளர்களிடம் மட்டுமல்ல, மாநிலத்தில் வீடு, கார், கடை என்று ஏறக்குறைய எல்லா பாலிசிகளிலும் கைவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. என் பில்லில் இருந்த வரி 2015-ல்தான் ஒழிந்தது. இதில் வேடிக்கை, அதே 2007-ல் சட்டசபை சிட்டிசன்ஸ் பிரீமியத்தைக் குறைத்து, ஏறாமல் கட்டியும் போட்டது. ஓட்டு இருக்கிறதே!

ஆனால் உங்கள் 5,300 முழுக்கக் கடலோரக்காரர் செலவு என்று நினைக்காதீர்கள். சார்லி ஆர்லாண்டோ வரைக்கும் போய்க் கூரைகளைப் பிய்த்தது. ஆர்லாண்டோவில் ஏது கடல்?

அந்தக் கூரை 2004-ல் போட்ட அதே ஷிங்கிளா (கூரை மேல் அடிக்கும் தகடு)? அப்படியானால் விற்பவரிடம் அதை வைத்தே விலை பேசுங்கள். வீடு 2002 கட்டடச் சட்டத்துக்குப் பிறகு கட்டியது, அது நல்லது. விண்ட் மிட்டிகேஷன் இன்ஸ்பெக்ஷன், அதாவது வீடு புயல் காற்றைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை எடுங்கள். இன்ஸ்பெக்டர் பரணில் ஏறி, கூரை மரம் சுவரோடு சேரும் இடத்தில் வெறும் ஆணியா, மேலே சுற்றி மறுபக்கம் இறங்கும் இரும்புப் பட்டையா என்று பார்த்து எழுதுவார். பட்டை இருந்தால் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம், புயல் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தருமுன் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) 2 சதவீதம் என்றால் நஷ்டத்தில் 2 சதவீதம் இல்லை, வீட்டை இன்சூர் செய்த தொகையில். 4 லட்சம் என்றால் முதல் 8,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து.

ஷோர்_ஏக்கர்ஸ்_அக்கா:

“மாளிகை” என்றதைப் படித்துச் சிரிப்புதான் வந்தது. நான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஷோர் ஏக்கர்ஸில் இருக்கிறேன், தரையோடு தரையாக இருக்கும் அறுபதுகளின் வீடு. 2010-ல் நர்ஸ் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது இதுதான். 2024 செப்டம்பர் 26 ராத்திரி ஹெலீன். காற்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, பாத்ரூம் வடிகாலில் குமிழி விட்டு வந்தது. விடியும்போது முழங்காலளவு. அரிசி டப்பா ஹாலில் மிதந்துகொண்டிருந்தது. நனைந்த சுவர்ப்பலகை, மெத்தை எல்லாவற்றையும் தெருவில் குவித்தோம். அதை அள்ளி முடிப்பதற்குள், பதின்மூன்றாம் நாள் மில்டன் வந்துவிட்டது.

வீட்டு இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை, வெள்ளம் அதில் சேராது. ஃபெடரல், அதாவது மத்திய அரசின் வெள்ள பாலிசி இருந்ததால் தப்பித்தேன். ஆனால் பழுதுச் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டால் வீட்டையே வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும் என்பது விதி. எனக்கு 47 சதவீதம். மூன்று சதவீதத்தில், மயிரிழையில் தப்பினேன்.

தம்பி, மில்டன் கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கும் ஊர்களிலும்தான் வெள்ளம் விட்டது. நீங்களும் வெள்ள பாலிசி எடுங்கள். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

பழைய_டாம்பாக்காரன்:

அக்கா சொல்வது நியாயம். இருக்கிறவர்களை எழுந்து போ என்று நான் சொல்ல மாட்டேன். என் கோபம், புயல் போன இடத்திலேயே இன்னும் பெரிதாகக் கட்டுவதன் மேல். 1982-லேயே ரேகன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: கரையை ஒட்டி அலையைத் தடுத்து நிற்கும் தடுப்புத் தீவுகளில் இன்னும் யாரும் கட்டாதவையாகப் பார்த்து வரைபடத்தில் குறித்து, அங்கே கட்டுபவர் கட்டலாம், ஆனால் ஃபெடரல் வெள்ள இன்சூரன்ஸ் கிடையாது என்றார்கள். தடை போடவில்லை, ‘உன் செலவில் கட்டிக்கொள்’, அவ்வளவுதான். மற்ற இடங்களுக்கும் இதைச் செய்யும் தைரியம்தான் யாருக்கும் வரவில்லை.

புதியவன் தம்பிக்கு இன்னொன்று. அந்த வெள்ளத் திட்டத்தின் கடனில் 1,600 கோடி டாலரை 2017-ல் காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. அது வரிப்பணம். நீங்கள் சிகாகோவில் இருந்தபோதே எங்களுக்குக் கட்டியிருக்கிறீர்கள். நன்றி!

வெஸ்லிசேப்பல்_புதியவன்:

அடப்பாவமே, அங்கேயுமா! அக்கா, மாளிகை என்றதற்கு மன்னிக்கவும். கூரை பழைய ஷிங்கிள்தான், விற்பவரே ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், நானும் பரணில் ஏறப் போகிறேன். பட்டையா ஆணியா என்று போட்டோ எடுத்துப் போடுகிறேன்.