ஜப்பானில் 3 வாரம்: ஜேஆர் பாஸ் லாபமா, தண்டமா?

கேட்டவர்: டோக்கியோ 6 நாள், கியோட்டோ 6, ஹிரோஷிமா 2, ஒசாகா 4, திரும்ப டோக்கியோ 3. 21 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வே ரயில்களில் இஷ்டம்போல் போக வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் பாஸ்) எடுத்தால் ஊருக்குள் சுற்றவும் அதுவே போதுமா?

கணக்குப்பிள்ளை: வேண்டவே வேண்டாம். 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலம் வேறு. 2023 அக்டோபரில் அதை 50,000 ஆக்கிவிட்டார்கள், 21 நாளுக்கு 1,00,000. தனித்தனி டிக்கெட் போட்டுப் பாருங்கள்: டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா 11,500, அங்கிருந்து ஒசாகா 10,500, ஒசாகா–டோக்கியோ 14,500. மொத்தமே 50,500தான். ஊருக்குள்ளும் பெரிதாக உதவாது. டோக்கியோ சுரங்க ரயில், கியோட்டோ மாநகரப் பேருந்து இரண்டும் ஜேஆர் கிடையாது.

ரயில் கிறுக்கன்: பணக் கணக்கு மட்டும் போதுமா? பாஸில் முன்பதிவு செய்த இருக்கையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சாதா டிக்கெட்டை ஒரு முறைதான். கைக்குழந்தை, வயசானவர்களோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கணக்குப்பிள்ளை: ரயிலை விட்டாலும் அதே நாளில் அடுத்த ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாமே? அப்புறம், மிக வேகமான புல்லட் ரயிலான நொசோமியில் பாஸ் தனியாகச் செல்லாது. டோக்கியோ–கியோட்டோவுக்கு மேலே 4,960 யென் கட்ட வேண்டும். இல்லையென்றால் மணிக்கு இரண்டே வரும், அதைவிடக் கொஞ்சம் மெதுவான ஹிகாரி புல்லட் ரயிலுக்குக் காத்திருங்கள்.

ரயில் கிறுக்கன்: புத்தாண்டு, கோல்டன் வீக் (ஏப்ரல் கடைசி–மே தொடக்க விடுமுறை), ஓபோன் (ஆகஸ்ட் நடுவில் வரும் விடுமுறை) நாட்களில் நொசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. ரயிலை விட்டவர் வாசல் பக்கம் நின்றுகொண்டு போக வேண்டியதுதான். சரி, 21 நாள் பாஸ் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பாஸே வேண்டாம்' என்பதும் தப்பு. மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனமான ஜேஆர் வெஸ்ட்டின் கன்சாய் (ஒசாகா, கியோட்டோ வட்டாரம்)–ஹிரோஷிமா 5 நாள் பாஸ் 17,000 என்று வந்தது; வாங்குமுன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷின்-ஒசாகா (ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையம்)–ஹிரோஷிமா நொசோமி, மியாஜிமா தீவுக்குப் போகும் ஜேஆர் படகு எல்லாம் அதிலேயே அடக்கம். போகவர டிக்கெட்டே 21,000 ஆகிறதே! ஒன்று கவனம்: கியோட்டோ–ஷின்-ஒசாகா புல்லட் ரயிலில் அது செல்லாது. அந்தத் துண்டுக்கு ஸ்பெஷல் ரேபிட் என்ற சாதா ரயில், அரை மணிக்குள் போய்விடும். நாளும் காலண்டர் கணக்கு. சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கினாலும் ஒரு நாள் போச்சு.

கணக்குப்பிள்ளை: அந்த 5 நாள் பாஸுக்கு நானும் சரி. ஊருக்குள் சுய்கா அல்லது இகோகா (பணம் ஏற்றி வாசலில் தட்டிப் போகும் கார்டுகள்) போதும். 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. தட்டி ஏறிய பகுதியைத் தாண்டி இறங்கவும் கூடாது. டோக்கியோவில் தட்டிவிட்டு, அந்தப் பகுதியின் எல்லையான அட்டாமி தாண்டி மிஷிமாவில் இறங்கினால் கதவு திறக்காது. கவுன்டரில் ரொக்கம் கட்டி, கார்டில் பதிவான நுழைவையும் நீக்கச் சொல்ல வேண்டும்.

தேர்முட்டி: நடுவில் வருகிறேன். கியோட்டோவில் எல்லோரும் பேருந்தில் முண்டியடிப்பது எதற்கென்றே புரியவில்லை. ஃபுஷிமி இனாரிக்கு நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம், அராஷியாமாவுக்கும் ஜேஆர் உண்டு. பேருந்துதான் என்றால் பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்கும்போது 230 யென். கட்டணப் பெட்டி மீதி தராது. 1,000 யென் தாளை முதலில் பக்கத்து இயந்திரத்தில் சில்லறையாக்குங்கள்.

ரயில் கிறுக்கன்: பெட்டி என்றதும் ஞாபகம். சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ–ஒசாகா இடையே ஓடும் டொகைடோ புல்லட் ரயிலில் அதற்கான சீட்டை முன்பதிவு செய்யணும். இல்லாவிட்டால் 1,000 யென் அபராதம். 30 அங்குலப் பெட்டியை வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.