பீலிமுள்ளா, இறகிரையா?

கோண்டாவிலில் இருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

இளையோருக்கான கைவினைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். தையல், மரச்செதுக்கு, பனையோலை வேலை எல்லாம் முடிந்துவிட்டன. கடைசி இரண்டு அதிகாரங்களில் நிற்கிறேன். ஒன்று மீன்பிடிக்கு ‘பிளை’ கட்டுவது, மற்றது கையால் கத்தி செய்வது.

முதலாவதற்குத் தலைப்புச் சொல்லே இல்லை. சிறிய தூண்டில் முள்ளில் இறகு, உரோமம், நூல், மினுங்கல் இழை எல்லாம் சுற்றிக் கட்டிப் பூச்சிபோல ஆக்குகிறார்களே, அந்தப் பொருளுக்குத் தமிழ் வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஈயின் பெயர் என்பதால் ‘செயற்கை ஈ’ என்று எழுதிவைத்தேன். வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசித்துவிட்டு, “மிஸ், ஈயை ஏன் செய்யினம்?” என்று கேட்டாள். அந்தச் சொல்லை அப்படியே விட மனம் வரவில்லை.

கத்தி அதிகாரத்தில், அலகிலிருந்து நீண்டு பிடிக்குள் போகிற இரும்புப் பகுதிக்கு என்ன சொல்வது? உதவுங்கள்.


வட்டுக்கோட்டையில் இருந்து, செவ்வாய் காலை

பிள்ளை, நல்ல வேளையில் கேட்டீர். தூண்டிலைப் பற்றித் தமிழ் பேசாத காலம் இல்லை. ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்பது 931ஆம் குறள். அங்கே பொன் என்றது தங்கத்தை அன்று, இரையில் மறைந்த இரும்பை. பரிமேலழகரும் தூண்டில் இரும்பு என்றே பொருள் கொண்டார். உமக்கு வேண்டியதும் அதுதான்: இரைபோலத் தோற்றம் காட்டும் இரும்பு.

குறுந்தொகை 54இல், யானை வளைத்துக் கைவிட்ட பசிய மூங்கில் ‘மீன்எறி தூண்டிலின் நிவக்கும்’ என்று வருகிறது. அந்தத் தொடராலேயே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். ஆகவே தூண்டில் என்பது முதலில் முள் அன்று. மேலே துள்ளி எழும் கோல். விளக்குத் திரியை மேலே இழுப்பதையும் தூண்டுதல் என்கிறோம். கோயிலில் தூண்டாமணிவிளக்கு எரிகிறது. எழுப்புவது, மேலே கொணர்வது என்பதே வேர்ப்பொருள் என்பது என் துணிவு. ஈ மீன்பிடியில் கோலே முதன்மை என்று அறிகிறேன். அப்படியானால் கோலுக்குத் தூண்டில் என்ற சொல்லை மீட்டுக்கொடுத்து, முள்ளுக்குத் தனிப்பெயர் வைக்கவேண்டும்.

இறகு கட்டிய முள்ளுக்கு நான் முன்வைப்பது ‘பீலிமுள்’. ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறளை எல்லோரும் படித்திருப்பீர்கள். பீலி மயிலிறகு. மயிலிறகின் இழையும் இந்தக் கட்டுக்குப் பயன்படுகிறதென்று உமது கையேடே சொல்கிறது. சொல்லும் பொருளும் கைகோத்து நிற்கின்றன.


குருநகரில் இருந்து, செவ்வாய் மத்தியானம்

மாஸ்ரர், குறள் சரி. ஆனால் எங்கட பக்கம் பீலி எண்டால் கூரைத் தண்ணி ஓடுற பீலிதான். மழை தொடங்க முதல் பீலி துப்பரவாக்கிறது எண்டுதான் எந்த வீட்டிலையும் கதைப்பினம். பீலிமுள் எண்டு புத்தகத்திலை வந்தால் பிள்ளையள் தகரத்திலை குத்துற ஆணி எண்டு நினைக்கும்.

‘முள்’ளும் எனக்குப் பிரச்சினை. தனியா முள்ளு எண்டால் மீன்முள்ளு. இறகு எண்டதுக்கு நாங்கள் செட்டை எண்டும் சொல்லுவம், மீனின்ரை செட்டையும் செட்டைதான். செட்டைமுள் எண்டு போட்டால் கெளிறு குத்துற முள்ளுத்தான் ஞாபகம் வரும்.

ஈயும் சரிவராது. ஓடுற வள்ளத்துக்குப் பின்னாலை தங்கூசி நூலிலை மினுங்கல் துண்டோ வெள்ளைச் செட்டையோ கட்டி இழுத்தால் பாரை, சீலா அடிக்கும். அது ஈயைப் பாத்து வாறேல்லை, சின்ன மீன் எண்டு நினைச்சு வாறது. ‘பொய்யிரை’ எண்டு வையுங்கோ அக்கா. கேட்ட உடனை விளங்கும்.


ஒஸ்லோவில் இருந்து, செவ்வாய் இரவு

நான் புங்குடுதீவு. எண்பதுகளில் வடக்கு நோர்வே மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த எங்கட ஆக்களில் ஒராள். அங்கே ஆற்றில் சமன் (சால்மன்) மீனுக்கு இதைக் கட்டப் பழகி, இன்றுவரை விடவில்லை. குருநகர் தம்பி சொன்ன பொய்யிரை நல்ல சொல். ஆனால் அது பெருங்குடும்பம். பிளாஸ்ரிக் மீன், சுழல்கிற தகட்டுக் கரண்டி எல்லாம் பொய்யிரைதான். எங்களுக்கு வேண்டியது அதற்குள் ஒரு வகை.

வேறுபாடு பாரத்தில் இருக்கிறது. மற்றப் பொய்யிரை தன் பாரத்தால் தூரப் போகும். கட்டுகிற இது பெரும்பாலும் பாரமே இல்லாதது. தடித்த நூல்தான் பாரம். கோலை முன்னும் பின்னும் வீசும்போது அந்த நூல் வளைந்து விரிந்து இதைக் காவிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்கும். மாஸ்ரர் சொன்ன மூங்கிலும் பொருந்தும். மூங்கிலைக் கீலம் கீலமாகப் பிளந்து ஒட்டிய கோல்களை இன்றும் விரும்பி வாங்குகிறார்கள்.

கட்டும் விதத்தைச் சொல்கிறேன், சொல் தேட உதவும். முள்ளின் வளைவைச் சிறிய பிடிகுறட்டில் இறுக்குவோம். நூலைத் துளைக்குப் பக்கத்தில் தொடங்கி வளைவு வரை நெருக்கமாகச் சுற்றி, வாலுக்கு நாலு இழை வைப்போம். மெழுகு பூசிய நூலில் முயல் உரோமத்தை விரலால் முறுக்கினால் அது உடம்பு. பிறகு சேவலின் கழுத்திறகு ஒன்றை அடியில் கட்டி, நுனியைக் கிளிப்பில் பிடித்துச் சுற்றவேண்டும். சுற்றச் சுற்ற இறகின் இழைகள் நாலு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். தண்ணீரில் அது மிதப்பது அந்த இழை நுனிகளில்தான். தலையில் முடிச்சுப் போட்டு ஒரு துளி வார்னிஷ்.

நோர்வேஜிய மொழியிலும் இதற்கு ஈயின் பெயர்தான். ஆற்றுப் பூச்சி இறக்கை முளைத்து நீர்ப்பரப்புக்கு வருகிற நேரம் மீன் மேலெழுந்து தின்னும் நாடுகளில் அந்தப் பெயர் இயல்பு. யாழ்ப்பாணத்தில் வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். களப்பில் இதைப் பயன்படுத்தினால் இறாலையோ சிறுமீனையோ போலத்தான் கட்டவேண்டும். கடலுக்கென்றே கட்டுவதில் பெயர்பெற்ற ஒரு வகை மான்வால் மயிரில் செய்தது, தலையில் இரண்டு ஈயக் கண்கள். அதில் இறகே இல்லை!

என் முன்மொழிவு ‘கட்டிரை’. கட்டிச் செய்வதே இதன் உயிர்.


கோயம்புத்தூரிலிருந்து, புதன் காலை

ஒஸ்லோ ஐயா சொன்ன சேவல் இறகோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய சமன் கட்டுகளில் கண்போல் வைக்கும் மெழுகுப் புள்ளி இறகு எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவலின் கழுத்திறகு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை அது. பிள்ளைகள் காட்டிலிருந்து இறகு பொறுக்காமல் இருக்கக் கையேட்டில் ஒரு வரி போடுங்கள் அம்மா.

சொல்லுக்கு வருவோம். நீலகிரியில் ஆங்கிலேயர் விட்ட டிரவுட் மீனை இன்றும் பிடிக்கிறார்கள். அங்கே எல்லோரும் ‘ஃப்ளை’ என்றுதான் சொல்கிறார்கள். பழகிய சொல்லை எடுத்துக்கொண்டால் என்ன குறை? கட்டாயம் தமிழ்தான் என்றால் ‘பொய்ப்பூச்சி’.


வட்டுக்கோட்டையில் இருந்து, புதன் மத்தியானம்

கோவை நண்பருக்கு: நீங்கள் ஆக்சிஜன் என்கிறீர்கள், எங்கள் பாடநூல் ஒட்சிசன் என்கிறது. ஒலிபெயர்ப்பு வந்தவுடன் கரைக்கு ஒரு வடிவம் ஆகிவிடுகிறது. ‘பிளை’ என்று எங்கள் பிள்ளை எழுதினாள், நீங்கள் ‘ஃப்ளை’ என்கிறீர்கள். இந்த மடலாடலிலேயே ஒரு சொல் இரண்டாகிவிட்டது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றுக்கும் இரசாயனத்துக்கும் சொல் கண்ட ஊருக்கு ஒரு பூச்சிக்கட்டு பெரிய காரியம் அல்ல.

கட்டிரை அழகான வினைத்தொகை. கட்டிய இரை, கட்டுகின்ற இரை, கட்டும் இரை என மூன்று காலமும் அடங்கும். ஒஸ்லோத் தம்பியைப் பாராட்டுகிறேன். ஆயினும் பீலிமுள்ளை நான் கைவிடவில்லை. பீலி நீர்க்கால் ஆனது ஒரு பொருள், மயிலிறகு இன்னொரு பொருள். ஒரு சொல் இரு பொருளைத் தாங்கமாட்டாது என்றால் ‘மாலை’யையும் விட்டுவிடவேண்டியதுதான்.


கோண்டாவிலில் இருந்து, புதன் பின்னேரம்

கட்டிரையைத் தட்டச்சுப் படியில் போட்டுப் பார்த்தேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் பதினொரு இடத்திலும் ‘கட்டுரை’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். ‘கட்டுரை கட்டுவது எப்படி’ என்ற தலைப்போடு என்னால் புத்தகம் விடமுடியாது. வேறு சொல் வேண்டும்.


சாவகச்சேரியில் இருந்து, புதன் இரவு

அக்கா, ஈயிலேயே எல்லோரும் நிற்கிறபடியால் கத்தியை நான் எடுக்கிறேன். வேலை முடிந்து வந்து பின்வளவில் கத்தி செய்கிறவன் நான். லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சித் தட்டிச் செய்வேன். பிடிக்குப் பனை வைரம்.

நீங்கள் கேட்ட பகுதியைப் பக்கத்துக் கம்மாலை ஐயா ‘வால்’ என்கிறார். வீட்டுக் கத்தியில் ஒடுங்கின வாலைச் சுடவைத்து மரப்பிடிக்குள் இறக்கிப் பூண் போடுவார்கள். கைவினைக் கத்தியில் வால் பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் போகும். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து ஆணி அடிப்போம். முதலாவது உள்வால், இரண்டாவது முழுவால்.

அதைவிட முக்கியம் வேறொன்று. உங்கள் வரைவில் இரண்டு வேலைக்கும் ‘பதப்படுத்தல்’ என்று ஒரே சொல் இருக்கிறது. அது ஆபத்து. அலகைச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் கொஞ்சம் போய், கிட்டத்தட்ட 800 பாகை செல்சியசில், இளஞ்சூட்டு எண்ணெயில் இறக்குவது ஒரு வேலை. அப்போது இரும்பு கண்ணாடிபோல நொறுங்கும். கைதவறினால் இரண்டாகப் போகும். பிறகு 200 பாகை அளவில் மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வைப்பது மற்ற வேலை. துலக்கிய அலகில் வைக்கோல் நிறம் படரும், அதோடு நிறுத்தவேண்டும். நீலம் வரவிட்டால் வாய் மெத்தென்று போய்விடும். முதலாவதைத் ‘தோய்ச்சல்’ என்றும் இரண்டாவதைப் ‘பதம்’ என்றும் பிரித்துவிடுங்கள்.


வட்டுக்கோட்டையில் இருந்து, வியாழன் காலை

தோய்ச்சலுக்குப் பதில் ‘நீருண்ணல்’ என்று வைக்கலாமே. புறநானூறு 21இல் ‘கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புஉண் நீரினும் மீட்டற்கு அரிது’ என்கிறார் ஐயூர் மூலங்கிழார். காய்ந்த இரும்பு குடித்த நீர் திரும்பி வராது. அதைவிட அரிதாம் பகைவன் தன் அரணை மீட்பது. உலைக்களத்தில் நின்று பார்த்தவன்தான் அப்படிப் பாடமுடியும்.

வாலை நான் ஏற்கவில்லை. பூவின் அடியில் இருந்து நீள்வது காம்பு. அலகிலிருந்து நீள்வதும் காம்பு.


சாவகச்சேரியில் இருந்து, வியாழன் காலை

மாஸ்ரர், பாட்டு மனதில் நிற்கிறது. ஆனால் நாங்கள் தோய்க்கிறது எண்ணெயில். வில்லுத்தகட்டைத் தண்ணீரில் இறக்கினால் வெடிக்கப் பார்க்கும். நீருண்ணல் என்று வாசித்த பிள்ளை வாளித் தண்ணீருக்குத்தான் ஓடும். காம்பு என்றால் பலருக்குப் பிடியே காம்புதான். உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று குழம்பும்.


குருநகரில் இருந்து, வியாழன் மத்தியானம்

அக்கா, ‘இறகிரை’ எண்டு போடுங்கோ. இறகைக் கட்டின இரை. ஒருத்தரும் திருத்தமாட்டினம், ஒருத்தருக்கும் விளங்காமலும் போகாது.


ஒஸ்லோவில் இருந்து, வியாழன் பின்னேரம்

மான்மயிர் வகையில் இறகு இல்லை என்று முன்பே சொன்னேன். ஈ இல்லாததை ஈ என்பதும் இறகு இல்லாததை இறகு என்பதும் ஒரே குறைதான். இருந்தாலும் படிக்கத் தொடங்குகிற பிள்ளை முதலில் கையில் எடுப்பது சேவல் இறகு. அந்த அளவில் நான் இறகிரைக்கு ஆம்.


கோண்டாவிலில் இருந்து, வியாழன் இரவு

நேரம் போய்விட்டது. குருநகரும் ஒஸ்லோவும் இறகிரைக்கு. கோவை ஐயா காலையில் தனிமடலில், பொய்ப்பூச்சியை விட்டுவிடலாம், அடைப்புக்குள் ஃப்ளை இருந்தால் போதும் என்றார். ஆகவே தலைப்பு ‘இறகிரை கட்டுதல்’. முதற்பக்கத்தில் ஒருமுறை ‘பிளை’ வரும். பெருங்குடும்பத்துக்குப் பொய்யிரை. காட்டுச்சேவல் வரியையும் சேர்த்துவிட்டேன். தோய்ச்சல், பதம் இரண்டும் போகின்றன. வாலா காம்பா என்பதில் இணக்கம் இல்லை. இந்தப் பதிப்பில் படத்துக்குக் கீழே வால் என்று போடுகிறேன், கம்மாலையில் புழங்குகிற சொல் என்பதால்.


வட்டுக்கோட்டையில் இருந்து, வியாழன் இரவு

பிள்ளை, அச்சைத் தடுக்கமாட்டேன். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். இறகிரை என்பதை ‘இறகுக்கு இரை’ என்றும் விரிக்கலாம், ‘இறகாகிய இரை’ என்றும் விரிக்கலாம். பொருள் மயங்கும் தொகை அது. பீலிமுள்ளில் அந்த மயக்கம் இல்லை. மறுபதிப்பு வந்தால் இந்த இழையை மீண்டும் திறவுங்கள். காம்புக்கு அதற்குள் இன்னும் மூன்று மேற்கோள் தேடிவைக்கிறேன்.